வாசல் சோதனை

சாயங்காலம் ஆறு மணிக்கு மணி அடித்ததும் குடோன் வாசலுக்கு மகாராணி வந்துவிடுவாள். ஷட்டரை முக்கால்வாசி இறக்கி, ஒரு ஆள் குனிந்து போகிற அளவுக்கு மட்டும் வழி விட்டிருக்கும். அதற்கு முன்னால் ஒரு தேக்குப் பலகை. ஏலக்காய் பொறுக்கும் பெண்கள் ஒவ்வொருத்தியாக அந்தப் பலகையில் ஏறி முந்தானையை உதற வேண்டும். கொசுவத்தைத் தட்டிக் காட்ட வேண்டும். கொண்டையை அவிழ்க்க வேண்டும். தூக்குவாளியைக் கவிழ்க்க வேண்டும். ஒரே ஒரு காய் விழுந்தாலும் பலகையில் 'டக்'கென்று கேட்டுவிடும். சிமெண்டுத் தரையில் கேட்காது. பலகை போட்டிருப்பதே அதற்காகத்தான்.

பதினோரு வருசமாக அந்தப் பலகைக்குப் பக்கத்தில் நிற்கிறாள். இப்போதைய முதலாளி ஜெகதீஷின் அப்பா இருந்த காலத்தில் காய் பொறுக்க வந்தவள். அதிகம் வாய் பேசாதவள், கை சுத்தம் என்று பார்த்து அவர்தான் வாசலில் நிறுத்தினார். நாற்பது பேர் போன பிறகு ஷட்டரை முழுக்க இறக்கிப் பூட்டி, சாவியை முதலாளியிடம் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போவாள். அவளை யாரும் சோதித்ததில்லை. அந்தப் பலகையில் அவள் கால் பட்டதும் இல்லை.

உள்ளே வருசம் முழுக்க ஒரே பொழுதுதான். வெயிலும் காற்றும் பட்டால் காயின் பச்சை வெளுத்துவிடும் என்று ஜன்னல்களுக்கெல்லாம் கறுப்புத் துணி. டியூப் லைட்டுக்குக் கீழே வரிசையாக உட்கார்ந்து, காம்பு கிள்ளி, வெடித்த காயை ஒதுக்கி, நிறம் பார்த்துப் பிரிக்க வேண்டும். சல்லடை மிஷின் ஓடினால் சாம்பல் நிறத்தில் தூசி எழும்பும். மத்தியானம் தூக்குவாளியைத் திறந்தால் புளிக்குழம்பும் ஏலக்காய் மணக்கும். பண்டம் பலகாரத்தில் ஏலக்காய் போட்டால் இந்தப் பெண்கள் யாரும் தொடமாட்டார்கள்.

பின்பக்கம் சந்துக்குத் திறக்கிற கதவு ஒன்று உண்டு. முன்னொரு காலத்தில் அந்த வழியாக ஒரு மூட்டை காணாமல் போனது. அன்றைக்குப் போட்ட பூட்டு. உள்பக்கமாகப் பூட்டி, அதன் மேல் மூட்டைகளை அடுக்கிவிட்டார்கள்.

அந்த மூட்டைகளுக்குப் பக்கத்து மூலைதான் முத்துப்பிரியாவின் இடம். மகாராணியின் மகள். பன்னிரண்டாவது முடித்து இரண்டு வருசமாகக் காய் பொறுக்குகிறாள். கடைசி மூலை என்பதால் வரிசையிலும் கடைசி. மற்றவர்களை ஒருதரம் உதறச் சொல்லும் மகாராணி, மகளை இரண்டுதரம் உதறச் சொல்வாள். பார்க்கிறவர்கள் பேசிவிடக் கூடாதே என்றுதான். ஆனாலும் மாயக்காள் பேசினாள். அறுபது வயது, அந்தக் குடோனில் எல்லாரையும்விட மூத்தவள். "பெத்த மகளயே நம்பாதவ, நம்மளயா நம்பப் போறா?" என்று சந்து வரை கேட்கும்படி சொல்லிவிட்டுப் போனாள். வீட்டுக்குப் போகும்போது முத்துப்பிரியா பத்தடி முன்னால்தான் நடப்பாள்.

இந்த வருசம் மாசியில் லைசன்ஸ் புதுப்பிக்கப் போன இடத்தில், தீயணைப்பு நிலையத்தின் சான்று இருந்தால்தான் ஆகும் என்று சொல்லிவிட்டார்கள். ஒரே வாரத்தில் குடோன் மாறிப்போனது. சுவரில் சிவப்புச் சிலிண்டர்கள். கூரையில் வெள்ளை வட்டுகள். புகை பட்டால் அவை கண்டுபிடித்து மணி அடிக்குமாம். பின் கதவுக்கு மேலே பச்சை விளக்கு, அதில் ஓடுகிற மாதிரி ஒரு மனித உருவம். கீழே பூட்டும் மூட்டைகளும் அப்படியே இருந்தன.

மாயக்காள் அண்ணாந்து பார்த்தாள். "ஏ முத்துப்பிரியா, இந்தப் பச்ச மனுசன் எங்கிட்டுடி ஓடுறான்? செவுத்துல முட்டிக்கவா?"

"அதான் வெளிய போற வழியாம், அத்தை."

"எங்கடி வழி? மூட்டைக்குள்ளயா?"

பெண்கள் சிரித்தார்கள். வாசலில் நின்ற மகாராணி சிரிக்கவில்லை. சாயங்காலச் சோலி நேரத்துக்கு முடிய வேண்டுமே என்று அவள் கவலை அவளுக்கு.

ஒத்திகை பார்க்க அதிகாரி வந்தார். காலை பதினொரு மணி. மணி அடித்ததும் எல்லாரும் வெளியே போக வேண்டும் என்று ஜெகதீஷ் முன்னாலேயே சொல்லியிருந்தான். அதிகாரி சுவரிலிருந்த பொத்தானை அமுக்கினார். மணி அலறியது.

பெண்கள் எழுந்தார்கள். குவியலை வாரிச் சாக்கில் போட்டுக் கட்டினார்கள். தூக்குவாளியை எடுத்தார்கள். ஒருத்தி பின்னால் ஒருத்தியாக வாசலுக்கு வந்து வரிசையில் நின்றார்கள். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. மணி என்றால் வரிசை, வரிசை என்றால் பலகை. இத்தனை வருசமாக உடம்பு பழகியிருந்தது அதற்குத்தான். மகாராணியும் ஷட்டரை வழக்கமான அளவுக்கு இறக்கிவிட்டு, "ம், ஏறு" என்றாள்.

முந்தானைகளை உதறினார்கள். கொண்டைகள் அவிழ்ந்தன. மணி அலறிக்கொண்டே இருந்தது.

அதிகாரி முதலில் தமாஷ் என்று நினைத்திருப்பார் போல. பிறகு கிட்டே வந்தார். "ஏம்மா, நீ என்னா பண்ணுற?"

"சோதிக்கிறேன் சார்."

"தீப்பிடிச்சிருக்குன்னு மணி அடிக்குது. காதுல விழுகுதா இல்லையா?"

"விழுகுது சார். இன்னும் பத்துப் பேருதான். வெரசா முடிச்சிருவேன்."

கடைசியாக முத்துப்பிரியா பலகையில் ஏறினாள். துப்பட்டாவை உதறினாள்.

"இன்னொருக்க" என்றாள் மகாராணி.

மகள் அம்மாவின் முகத்தைப் பார்த்தபடி இன்னொருமுறை உதறிவிட்டுக் குனிந்து போனாள்.

அதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "இருபத்தி மூணு நிமிசம். தூசியும் சாக்கும் பிளாஸ்டிக்குமா இருக்கிற எடத்துல மூணு நிமிசத்துக்கு மேல உள்ள நின்னவங்கள நாங்க தூக்கிட்டுத்தான் வரணும்." ஜெகதீஷைப் பார்த்துச் சொன்னார்: "அந்த மூட்டைய எடுங்க. பின் கதவத் திறங்க. அடுத்த வாரம் வர்றேன்."

அன்றைக்கு இருட்டுகிற நேரத்தில் மகாராணி மொச்சைப்பயறு போட்டுக் கருவாட்டுக் குழம்பு வைத்தாள். புருசன் பெயர் அமாவாசை, போடிமெட்டுக்கு எஸ்டேட் ஆட்களை ஏற்றிப் போகிற ஜீப்பு ஓட்டுகிறவன். மேலெல்லாம் மலைப் புழுதியோடு வந்து, கைகால் கழுவிக்கொண்டு வாசலில் நின்றபடி மலையைப் பார்த்தான். குரங்கணிப் பக்கம் சரிவில் சிவப்பு நூல் மாதிரி தீ ஓடிக்கொண்டிருந்தது.

"இன்னிக்கும் பத்திக்கிச்சு. மழ வந்தாத்தான் அணையும்" என்று சொல்லிக்கொண்டே உட்கார்ந்தான். தட்டில் சோறு விழுந்தது. முத்துப்பிரியா சாப்பிடவில்லை.

"என்னாத்தா, குழம்புல உப்பு இல்லையா?"

"எனக்கு வேணாம்ப்பா."

"நாள் பூராம் குனிஞ்சு ஒக்காந்துட்டு வேணாம்னா?"

முத்துப்பிரியா அம்மாவைப் பார்த்தாள். "ம்மா, ஒண்ணு கேக்குறேன். நெசமாவே தீப்பிடிச்சிருந்தாலும் என்னய ரெண்டுதரம் உதறச் சொல்லியிருப்பல்ல?"

"என்னடி பேச்சு இது?"

"பதில் சொல்லு."

"அது ஒத்திகைன்னு எனக்குத் தெரியும்."

"தெரிஞ்சா ஷட்டரத் தூக்கியில்ல விட்டிருக்கணும்? ஏன் எறக்குன?"

மகாராணி கரண்டியைக் குழம்புச் சட்டியில் போட்டாள். ஒத்திகை என்று அவளுக்கு அந்த நேரத்தில் ஞாபகமே இல்லை. மணி அடித்தது, கை இறக்கியது.

"நான் கடைசி மூலையில ஒக்காந்திருக்கேன். முப்பத்தொம்பது பேரு உதறி முடிச்சு நான் வர்றதுக்குள்ள கரிக்கட்டையாயிருவேன். அந்தக் கரிக்கட்டையவும் நீ உதறித்தான் வெளிய விடுவ."

"போதும் பாப்பா" என்றான் அமாவாசை. பிறகு மகாராணியிடம் சொன்னான்: "ஏ புள்ள, என் வண்டியில பின் கதவு இருக்குதா?"

"இல்ல."

"ஏன் கழட்டிப் போட்டேன்? வளைவுல வண்டி சாஞ்சா சனம் குதிக்கணும்ல. செக்போஸ்ட்ல கேப்பான், ஓனரு கேப்பான். கேக்கட்டும்னு விட்டுருவேன். உள்ள ஒக்காந்திருக்கிறது ஆளுகளா மூட்டையா? அம்புட்டுத்தான். அதுக்காகச் சோலிய விட்டுறாத. பாத்துப் பேசு."

அடுத்த வாரம் ஒத்திகை பிரமாதமாக நடந்தது. முதல் நாளே மூட்டைகளை அகற்றியிருந்தார்கள். பின் கதவு விரியத் திறந்திருந்தது. ஷட்டர் உச்சி வரை ஏறியிருந்தது. பலகையைத் தூக்கி ஆபீஸ் ரூமில் வைத்துவிட்டார்கள். "சோதனையெல்லாம் இன்னிக்கு வேணாம்க்கா, ஓரமா நில்லுங்க" என்று ஜெகதீஷ் சொல்லியிருந்தான். இரண்டரை நிமிசத்தில் குடோன் காலி. அதிகாரி கையெழுத்துப் போட்டார். ஜெகதீஷ் எல்லாருக்கும் டீயும் உளுந்த வடையும் வாங்கிக் கொடுத்தான்.

மறுநாள் காலையில் பின் கதவில் பூட்டு தொங்கியது. அதன் மேல் மூட்டைகள். தூசிக்கெல்லாம் மணி அடித்துவிடக் கூடாது என்று, கூரையிலிருந்த வெள்ளை வட்டுகளுக்குக் கேரி பையை மாட்டி ரப்பர் பேண்டு போட்டிருந்தார்கள். சான்று கண்ணாடிச் சட்டத்துக்குள், ஆபீஸ் ரூமில் முதலாளியின் தலைக்கு மேலே இருந்தது.

மகாராணி ஆபீஸ் ரூமுக்குள் போனாள்.

"மொதலாளி, பின் கதவு..."

"அது முடிஞ்சிருச்சுக்கா."

"தெறந்தே இருக்கட்டுமே. சந்துப் பக்கமும் நானே பாத்துக்கிறேன்."

ஜெகதீஷ் சிரித்தான். கெட்டவன் என்று சொல்ல முடியாது. தீபாவளிக்குத் துணி எடுத்துக் கொடுப்பான், யார் வீட்டில் சாவு என்றாலும் வந்து நிற்பான். "ஒரு ஆளு ரெண்டு வாசல்ல நிக்க முடியுமாக்கா? எங்கப்பா காலத்துல ஒரு மூட்டையே போச்சு. இன்னிக்கிக் காய் விக்கிற வெலைக்கு ஒரு மடி போனாலும் எனக்கு நட்டம்."

"தீப்பிடிச்சா?"

"எங்கக்கா பிடிக்கும்? அடுப்பு இருக்கா, பீடி குடிக்கிறவன் இருக்கானா? அம்பது வருசமா நடக்குற குடோன். பிடிச்சாலும் முன் வாசல் இருக்கு."

"முன் வாசல்ல நான்ல நிக்கிறேன்" என்றாள் மகாராணி.

அவள் என்ன சொன்னாள் என்று அவனுக்குப் புரியவில்லை. "நீங்க நிக்கிறதுனாலதான் நான் நிம்மதியா இருக்கேன். போங்கக்கா, சோலியப் பாருங்க. ஆளுகளக் கெளப்பி விட்டுறாதீங்க. அப்புறம் உங்களயும் உங்க மகளயும் நான் வெச்சுக்க முடியாது."

பின் கதவின் சாவி அவன் முதுகுக்குப் பின்னால் காலண்டர் ஆணியில் தொங்கியது. தினமும் காலையில் அந்த ரூமைக் கூட்டுகிறவள் மகாராணிதான்.

மறுநாள் பத்தரை மணி டீ நேரத்தில் அந்தச் சாவி அவள் இடுப்புச் செருகலில் ஏறி வாசலைத் தாண்டியது. பலகைக்குப் பக்கமாகத்தான் நடந்தாள், யாரும் நிறுத்தவில்லை.

பஸ் ஸ்டாண்டு ஓரத்தில் குடை விரித்துச் சாவி போடுகிற சஜ்ஜாத், வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"பழைய பூட்டுச் சாவியாச்சே. வீட்டுதாக்கா?"

"ஆமா. வெரசா குடுப்பா."

"வீட்டுச் சாவியில இப்படி ஏலக்கா வாசம் வருமாக்கா?" என்று மூக்கருகே வைத்துச் சிரித்தான்.

மகாராணி முறைத்தாள். "திருட்டுக்குன்னு நெனச்சியா? கேட்டுக்க. உள்ள நாப்பது பொம்பளைக இருக்கோம். ஒரே வாசல். பின்னாடிக் கதவப் பூட்டி வெச்சிருக்கான்."

சஜ்ஜாத்தின் சிரிப்பு நின்றது. உடனே அரம் போட்டான். கொடுக்கும்போது சொன்னான்: "புதுச் சாவி கொஞ்சம் மொரண்டு பிடிக்கும். லேசா மேல தூக்கித் திருப்பணும். பயத்துல அமுக்கித் திருகுனா ஒடஞ்சுரும், பாத்துக்கங்க."

பழைய சாவி ஆணிக்குத் திரும்பிப் போனது. புதியது அன்றிலிருந்து அவள் இடுப்பிலேயே இருந்தது. வீட்டில்கூட யாரிடமும் சொல்லவில்லை. சாயங்காலங்களில் வழக்கம்போல வாசலில் நின்றாள். ஆனால் மகளும் மற்றவர்களைப் போல ஒருதரம் உதறினால் போதும் என்று விட்டாள். மாயக்காள் அதையும் கவனித்தாள்.

பங்குனி பிறந்து நாலாம் நாள். பெரிய லோடு ஒன்று நாளை மறுநாள் ஏலத்துக்குப் போக வேண்டும். எட்டு எம்.எம். பருமனுள்ள உசந்த ரகக் காய், நல்ல பச்சை. காலையிலிருந்து சல்லடை மிஷின் நிற்காமல் ஓடியது. ஒரே தூசி. இருமிக்கொண்டே பொறுக்கினார்கள். மிஷினுக்கு மேலே இருந்த வட்டின் கேரி பை, ஃபேன் காற்றில் அடித்து அடித்துக் கிழிந்து தொங்கியதை யாரும் பார்க்கவில்லை.

மூன்று மணி இருக்கும். மணி அலறியது.

பெண்கள் தலை தூக்கினார்கள். டியூப் லைட் வெளிச்சத்தில் மிஷின் பக்கம் புகை மாதிரி ஒன்று மிதந்தது. ஜெகதீஷ் ஆபீஸ் ரூமிலிருந்து ஓடிவந்து ஷட்டர் முன்னால் நின்று இரண்டு கையையும் அகல விரித்தான்.

"ஒண்ணுமில்ல! தூசி! தூசிதான்! யாரும் எந்திரிக்காதீங்க! உக்காருங்க!"

பாதி எழுந்தவர்கள் உட்கார்ந்தார்கள். உட்கார்ந்தவர்கள் எழுந்தார்கள். எல்லார் கண்ணும் மகாராணியிடம் வந்தது. மணி அடித்தால் என்ன செய்ய வேண்டும் என்று இத்தனை வருசமாகச் சொன்னவள் அவள்தானே.

தூசியா தீயா என்று அவளுக்கும் தெரியாது. அவனுக்கும் தெரியாது என்பது அவன் முகத்தில் தெரிந்தது. நாற்பது பேருக்கு அந்தக் கோடியில், மூட்டைகளை ஒட்டி, முத்துப்பிரியா நின்றுகொண்டிருந்தாள். துப்பட்டாவின் நுனியைக் கையில் பிடித்திருந்தாள், உதறத் தயாராக இருக்கிற மாதிரி.

மகாராணி நடந்தாள். சுற்றிப் போகவில்லை. நடுவில் குவித்திருந்த எட்டு எம்.எம். குவியலின் மேலேயே கால் வைத்து ஏறி இறங்கினாள். காய்கள் நொறுங்கின. அந்தக் குடோனில் ஏலக்காயை மிதித்தவர்கள் அதுவரை யாருமில்லை.

"யக்கா! காயி! காயி!" என்று கத்தினான் ஜெகதீஷ்.

"ஏ புள்ளைகளா, மூட்டையப் பிடிங்க!"

முத்துப்பிரியாதான் முதல் மூட்டையை இழுத்தாள். பிறகு நாலைந்து பேர் சேர்ந்தார்கள். மூட்டைகள் சரிந்தன. மகாராணி இடுப்பிலிருந்து சாவியை எடுத்தாள். பூட்டில் நுழைந்த சாவி திரும்பவில்லை. கை அமுக்கப் பார்த்தது. சஜ்ஜாத் சொன்னது ஞாபகம் வந்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டு, லேசாக மேலே தூக்கித் திருப்பினாள்.

கதவு திறந்ததும் பங்குனி வெயில் ஒரு பாய் விரித்த மாதிரி உள்ளே விழுந்தது.

"போங்க! தூக்குவாளிய விடுடி! கொண்டையாவது கொசுவமாவது, ஓடுங்க! மாயக்கா, கையக் கொண்டா!"

அவள்தான் கடைசியாக வெளியே வந்தாள்.

தீ இல்லை. தூசிதான். கொஞ்ச நேரத்தில் ஜெகதீஷ் மிஷினை நிறுத்தி, மணியின் ஒயரைப் பிடுங்கிவிட்டு, ஷட்டரை முழுக்கத் தூக்கி, பலகையை வெளியே இழுத்துப் போட்டுத் தெருவுக்கு வந்தான். பெண்கள் சந்து வழியாகச் சுற்றி முன் வாசலுக்கு வந்திருந்தார்கள். எதிர்த்த டீக்கடையில் குடித்துக்கொண்டிருந்தவர்கள் கிளாசோடு நின்று பார்த்தார்கள்.

"தூசின்னு சொன்னேனா இல்லையா?" என்று கத்தினான். "எந்தச் சோதனையும் இல்லாம நாப்பது பேரு வெளிய வந்திருக்கீங்க. எத்தன கிலோ எந்த மடியில இருக்குன்னு எனக்கு எப்பிடித் தெரியும்? ஏறுங்க பலகையில. ஒவ்வொருத்தரா. மகாராணிக்கா, பாருங்க."

யாரும் அசையவில்லை. வெயில் சுள்ளென்று அடித்தது.

மகாராணி முன்னால் வந்தாள். செருப்பைக் கழற்றினாள். பலகையில் ஏறினாள்.

"நீங்க எதுக்குக்கா? அவங்களப் பாக்கச் சொன்னேன்."

"மொதல்ல என்னயப் பாருங்க தம்பி." அவன் அப்பா இறந்ததிலிருந்து அவள் அவனைத் தம்பி என்று கூப்பிட்டதில்லை. "பதினோரு வருசமா என்னய யாரும் பாக்கலையில்ல?"

முந்தானையை உதறினாள். கொண்டையை அவிழ்த்து விட்டாள். கொசுவத்தைத் தட்டினாள். கடைசியில் இடுப்புச் செருகலை இழுத்து உதறினாள்.

பலகையில் 'டங்'கென்று சத்தம் கேட்டது.

எல்லாரும் குனிந்து பார்த்தார்கள். சின்னச் சாவி. புது மினுமினுப்பு.

"இந்தா, நல்லாப் பாத்துக்கங்க" என்றாள். "இந்தக் குடோன்லருந்து நான் திருடுனது இது ஒண்ணுதான்."

ஜெகதீஷின் முகம் வெளுத்துச் சிவந்தது. "நாளைலருந்து நீங்க வேலைக்கு வர வேணாம். உங்க மகளும் வேணாம்."

"சரி."

"அப்ப நாங்களும் வரல" என்றாள் மாயக்காள். புடவையை வரிந்து செருகிக்கொண்டு முன்னால் வந்தாள். "நாளான்னிக்கு லோடு போகணும்ல? நீங்களே ஒக்காந்து காம்பு கிள்ளுங்க மொதலாளி. மெதுவா முதுகு பிடிக்கும், தைலம் தேச்சுக்கங்க."

டீக்கடைப் பக்கம் யாரோ சிரித்தார்கள். பெண்களும் சிரித்தார்கள். ஒருத்திகூட வரிசையில் வந்து நிற்கவில்லை.

"ஆளாளுக்குச் சட்டம் பேசினா..." என்று ஆரம்பித்தான் ஜெகதீஷ்.

"சட்டம் ஒங்க தலைக்கு மேல கண்ணாடிக்குள்ள தொங்குது தம்பி" என்றாள் மகாராணி. " கையெழுத்துப் போட்டவரு ஃபயர் ஸ்டேசன்லதான் இருக்காரு. கூப்பிடுங்க. எந்தக் கதவத் தெறந்து காட்டி அத வாங்குனீங்களோ, அந்தக் கதவு இன்னிக்கு எப்பிடி இருந்துச்சுன்னு நான் சொல்றேன்."

ஜெகதீஷ் போனைக் கையில் எடுத்தான். யாரையும் கூப்பிடவில்லை. குனிந்து சாவியை எடுக்கப் போனான். அதற்குள் முத்துப்பிரியா குனிந்து எடுத்துவிட்டாள். துப்பட்டா நுனியில் வைத்து இறுக்கி முடிச்சுப் போட்டாள். "நான்தான் கதவுக்குப் பக்கத்துல ஒக்காருறேன். இது என்கிட்ட இருக்கட்டும்" என்றாள்.

அவன் அவளைப் பார்த்தான். நொறுங்கிக் கிடக்கிற குவியலைத் திரும்பிப் பார்த்தான். பின் கதவு வழியாக வெயில் அந்தக் குவியல் வரைக்கும் வந்திருந்தது.

"காய் வெளுத்துரும்..." என்றான். அது பாதி அழுகை மாதிரி இருந்தது.

"துணி கட்டித் தர்றேன், ஒதுக்கிட்டுப் போற மாதிரி" என்றாள் மகாராணி. "பூட்டு மட்டும் கெடையாது."

பலகையிலிருந்து இறங்கினாள். அவிழ்ந்த கூந்தலை முடியவில்லை. பலகையின் ஒரு முனையைத் தூக்கினாள். கனமாக இருந்தது. மறுமுனையை முத்துப்பிரியா பிடித்தாள். ஷட்டருக்கு அடியில் நுழைந்து, காய்க் குவியல்களுக்கு நடுவில், அம்மாவும் மகளும் முன்னும் பின்னுமாகப் பலகையைத் தூக்கிப் போனார்கள். ஜெகதீஷ் வழியை விட்டு விலகி நின்றான்.

பின் கதவை முழுக்கத் திறந்து, அது திரும்பச் சாத்திக்கொள்ளாதபடி பலகையை முட்டுக் கொடுத்தார்கள். மகாராணி காலால் ஒரு உதை விட்டு இறுக்கினாள்.

அதற்குள் சந்து வழியாக மாயக்காள் வந்து சேர்ந்திருந்தாள். அவளுக்குப் பின்னால் மற்றவர்கள். கதவுக்கு மேலே எரிந்த பச்சை மனிதனை அண்ணாந்து பார்த்தாள்.

"ஓடுறா அப்பு, இப்ப ஓடு" என்று அவனிடம் சொல்லிவிட்டு, உள்ளே வந்து, தன் இடத்தில் உட்கார்ந்து, காம்பு கிள்ள ஆரம்பித்தாள்.